கான்டெஸாவைக் கேட்ட அண்ணன் மகனுக்கு

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். கோபம் எல்லாம் இல்லை. ஷெட்டில் நிற்கும் என் பழைய கான்டெஸா காரைச் சென்னைக்குக் கொண்டுபோய் தினமும் ஆபீசுக்கு ஓட்டப்போவதாகச் சொன்னாய். சொன்ன சூட்டோடு "மைலேஜ் எவ்வளவு குடுக்கும் அத்தை?" என்றும் கேட்டாய். ஒற்றை நம்பரில் அதற்குப் பதில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் பழைய வண்டியை வைத்துக்கொண்டு உன்னைப் போலவே ஆசைப்படுகிறவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

அந்த வண்டியை 1998-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1.8 லிட்டர் இசுசு இன்ஜின், ஐந்து கியர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர். பவர் ஸ்டீயரிங் கிடையாது. பொள்ளாச்சியில் எனக்குக் கல்லூரி வேலை. கோயம்புத்தூரிலிருந்து போக நாற்பது, வர நாற்பது. பெட்ரோல் போட்ட கணக்கை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். டேங்கை வழிய நிரப்பி, ஓட்டி, மறுபடி வழிய நிரப்பிப் பார்ப்பதுதான் ஒழுங்கான கணக்கு. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் வந்தது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒருநாள் ரோட்டோரக் கல்லையும் மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பத்துக் கிலோமீட்டருக்கு மீட்டர் 10.6 காட்டுகிறது. ஆக, என்னுடைய 11 உண்மையில் 10.4 தான். பழைய வண்டிக்காரர்கள் சொல்லும் மைலேஜில் பாதி இந்த மாதிரி மீட்டர் மைலேஜ்.

பிறகு டவுனுக்குள்ளேயே மாற்றல் வந்தது. வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அதே வண்டி, அதே மெக்கானிக், அதே நான். லிட்டருக்கு 7. ஏ.சி. போட்டால் அதற்கும் கீழே. தூரம் குறைந்ததும் செலவு குறையும் என்று நினைத்தவளுக்கு இது புரியவே ஒரு மாதம் ஆனது. காலையில், குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் சோக்கை இழுத்துக் கிளப்பினால், இன்ஜின் சூடாகும் வரை பெட்ரோலைக் கணக்கில்லாமல் குடிக்கும். பொள்ளாச்சிக்குப் போகும்போது அது மொத்தத் தூரத்தில் ஒரு ஓரம். ஒன்பது கிலோமீட்டரில் அது பாதிப் பயணம்.

சரி, உன் கதைக்கு வருவோம். நங்கநல்லூரிலிருந்து சிறுசேரி. போய் வர ஐம்பது என்று வை, மாதம் 22 நாள், 1,100 கிலோமீட்டர். சிறுசேரிக்குப் போகும் ஓ.எம்.ஆர். சாலையில் மெட்ரோ வேலை நடக்கிற லட்சணத்தில் 7.5-க்கு மேல் எதிர்பார்க்காதே. 147 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே போட்டாலும் 14,700 ரூபாய். 15 கொடுக்கிற சின்ன கார் என்றால் இதில் பாதி. வித்தியாசம் மாதம் 7,350. உன் அப்பா இந்த இடத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். நான் சொல்ல மாட்டேன். புது கார் வாங்கப் பத்து லட்சம் கடன் எடுத்து ஐந்து வருடத்தில் கட்டினால், தவணை மட்டுமே மாதம் இருபதாயிரத்தைத் தாண்டும். பெட்ரோலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தவணையைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார். ட்யூனிங் சரியில்லாமல் 7 கொடுக்கிற வண்டியை 9-க்குக் கொண்டுவந்தால் உனக்கு மாதம் 35 லிட்டர் மிச்சம். 15 கொடுக்கிற வண்டி 17 கொடுத்தால் மிச்சம் 9 லிட்டர்கூட இல்லை. ஏறியது இரண்டிலும் அதே இரண்டு கிலோமீட்டர்தான். அதனால் குடிகார வண்டியை வைத்திருப்பவன்தான் ட்யூனிங்கில் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார், முனை கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, இளம் பழுப்பாக இருந்தால் சரி. பாயிண்ட் கேப் (பிளக்குக்கு மின்பொறி அனுப்பும் முனைகளின் இடைவெளி), டயரில் காற்று இரண்டையும் விடாமல் பார். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்று, பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒருமுறை ஒரு பட்டறையில் கார்புரேட்டரை மாற்றச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார்கள். கடைசியில் பார்த்தால் பின்பக்கம் ஒரு பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது.

மைலேஜைப் பற்றிக் கேட்டாயே, சூட்டைப் பற்றிக் கேட்டாயா? ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. வண்டி நின்றால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், ஏ.சி. கம்ப்ரஸரோ அதே இன்ஜினிடம் வேலை கேட்கும். மே மாதம் சோழிங்கநல்லூர் சிக்னலில் இருபது நிமிடம் நின்று பார். இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி படுத்துவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுக் காத்திருப்பது எங்கள் காலத்து வைத்தியம். நான் செய்திருக்கிறேன், பட்டுப்புடவையோடு. கூடுதல் எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று வைக்காமல் சென்னையில் ஓட்டுவதை நினைக்காதே.

அப்புறம் எத்தனால். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கலந்த பெட்ரோலில் ஏழு சதவீதம் போல அடிபடும். புது வண்டியில் கம்ப்யூட்டர் அதைச் சமாளித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை நாம்தான் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், பழைய ரப்பர் எத்தனாலைத் தாங்காது. ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு இல்லை.

"பெரிய வண்டி, பார்க்கிங் கிடைக்குமா" என்று உன் அம்மா கேட்டாள். நீளம் 4.59 மீட்டர், அகலம் 1.7 மீட்டர். இன்றைய ஹோண்டா சிட்டியும் ஏறக்குறைய அதே நீளம்தான், அகலத்தில் நம் வண்டியைவிடக் கூடுதல்! நம் கண்ணில்தான் அது இன்னும் கப்பல். ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாமல் அடித்தளப் பார்க்கிங்கில் நாலு தடவை முன்னும் பின்னும் எடுத்தால் தோள் போய்விடும். டிக்கியில் அரிசி மூட்டையும் தேங்காய் மூட்டையும் தாராளமாகப் போகும். ஏர்பேக், பிரேக் அடித்தால் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். இரண்டும் கிடையாது. மழையில் முன்வண்டிக்கு நிறையவே இடைவெளி விட வேண்டும்.

காகித வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1,500 சி.சி.க்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் அதிகபட்ச அடுக்கு நமக்கு. இருபது வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025-ல் கட்டணத்தைப் பத்தாயிரமாக்கிவிட்டார்கள். விண்டேஜ் என்று பதியலாமே என்றாய். அதற்கு ஐம்பது வயது ஆக வேண்டும், பதிந்தாலும் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. பழைய வண்டிகளுக்குக் கெடுபிடி உள்ள டெல்லியாக இருந்தால் பேச்சே எழுந்திருக்காது.

என்னை உறுத்துவது இவை எதுவும் இல்லை. என் மெக்கானிக்குக்கு இப்போது எழுபது வயது. கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரி செய்வார். சென்னையில் அப்படி ஓர் ஆளை நீ முதலில் கண்டுபிடி. ஸ்பேர் பார்ட்ஸ் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு சனிக்கிழமை போகும். அந்த இரண்டு வாரமும் ஆபீசுக்கு எதில் போவாய்? வாரம் இரண்டு நாள் ஓட்டு, மற்ற நாள் ஆபீஸ் பஸ். வண்டிக்கும் அது நல்லது. ஷெட்டில் நின்றே கெட்டுப்போகிறது இப்போது.

ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் வா. காலையில் வேண்டாம், மதியம் இரண்டு மணிக்கு உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரை ஏ.சி. போட்டு நீயே ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெப்ப முள்ளைப் பார்த்துக்கொள்கிறேன். நோட்டு டேஷ்போர்டில்தான் இருக்கிறது, இன்னும் பன்னிரண்டு பக்கம் எழுதாமல் கிடக்கிறது.

அன்புடன்,
அத்தை