இந்த ஆண்டு பிள்ளைகள் சொந்தமாகப் பேசட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூலை 15, காமராசர் பிறந்தநாளை நம் பள்ளியிலும் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். வழக்கம்போல் பேச்சு நிகழ்ச்சி உண்டு. ஆனால் அதை நடத்தும் விதத்தை மாற்றுகிறோம். உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதுவரை நடந்தது உங்களுக்கும் தெரியும். வகுப்புக்கு இரண்டு பேர், பெரும்பாலும் போன வருடம் பேசிய அதே பிள்ளைகள். யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, 'கர்மவீரர், கல்விக்கண் திறந்தவர்' என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வராது. கீழே சிரிப்பு எழும். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மேடைப் பக்கமே வராது. காமராசரோ அடுக்குமொழி இல்லாமல், வீட்டில் பேசுவதுபோல மேடையிலும் பேசியவர். அவர் பிறந்தநாளில் பிள்ளைகளை ஒப்பிக்க வைப்பது பொருத்தமாக எனக்குப் படவில்லை.

இந்த ஆண்டுத் தலைப்பு 'எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவர்'. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில்தான் மதிய உணவுத் திட்டம் விரிந்தது, ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் பலர் இன்று நம் வீடுகளில் தாத்தாவாக, பாட்டியாக இருக்கிறார்கள். தட்டில் என்ன போட்டார்கள், சிலேட்டு யார் வாங்கிக் கொடுத்தார்கள், எந்த வகுப்போடு படிப்பு நின்றது, ஏன் நின்றது என்று பிள்ளை உட்கார்ந்து கேட்கட்டும். சில வீடுகளில் அந்த முதல் ஆளே நம்மிடம் இப்போது படிக்கும் பிள்ளையாக இருக்கலாம். அதைச் சொல்லக் கூச்சமே வேண்டாம். அதைவிடப் பெரிய செய்தி அந்த மேடைக்குக் கிடையாது.

தயவுசெய்து பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் நாலைந்து சொற்களை மட்டும் பிள்ளையே குறித்துக்கொண்டு வரட்டும். முதலில் சொந்த வகுப்பில், உட்கார்ந்தபடியே பேசுவார்கள். அது பழகியபின் விரும்புகிறவர்கள் மட்டும் மேடைக்கு வருவார்கள். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். திக்கிப் பேசும் பிள்ளைக்கு நேரம் முடிந்தது என்று மணி அடிக்க மாட்டோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை நுனிக்காலில் எம்பி நிற்க வேண்டியிராதபடி, ஒவ்வொருவர் வரும்போதும் மைக்கை இறக்கி ஏற்ற ஓர் ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. பேசிய எல்லோருக்கும் ஒரு புத்தகம். கேட்கிறவர்களுக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் கீழிருந்து ஒருவர் எழுந்து கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்கக் காதுகொடுக்கிற பிள்ளை சிரிப்பதில்லை என்பதை வகுப்பறையில் தினமும் பார்க்கிறோம்.

வீட்டுக் கதை என்பதால் ஒரு கவனமும் தேவை. கடன், குடும்பச் சண்டை, நோய் போன்றவை வெளியே வர வேண்டியதில்லை. சாதிப்பெயர் மேடையில் வேண்டாம். வீட்டைப் பற்றிப் பேச விரும்பாத பிள்ளை, ஊரில் தனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பேசலாம். மேடைக்கு முன் வகுப்பாசிரியர் ஒருமுறை கேட்பார், திருத்துவதற்கு அல்ல. பேச்சுக்கு நடுவே ஒரு பிள்ளை தனக்கு நேரும் துன்பம் எதையாவது சொன்னால் அதை அலட்சியப்படுத்தாமல் முறைப்படி கவனிப்போம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உங்கள் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

பயிற்சி பள்ளி நேரத்துக்குள்தான். எந்தப் பிள்ளையையும் தனியாக நிறுத்திப் பயிற்சி கொடுக்க மாட்டோம். நிகழ்ச்சி காலை 10 மணிக்குத் தொடங்கி மதிய உணவுக்கு முன் முடியும். விருந்தினருக்காகப் பிள்ளைகளை வெயிலில் காக்க வைக்கப் போவதில்லை. பந்தலும் தண்ணீரும் உண்டு. வருகிறவர்கள் வாசலில் பெயரைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், செல்போன். உங்கள் பிள்ளை பேசுவதை நீங்கள் படம் எடுக்கலாம். மற்றப் பிள்ளைகளின் வீடியோவை வாட்ஸ்ஆப் குழுவிலோ ஸ்டேட்டஸிலோ போடவே கூடாது. ஒரு பிள்ளை தடுமாறிய அரை நிமிடம் ஊர் முழுக்கச் சுற்றினால், அதை நம்மால் திரும்ப எடுக்க முடியாது. பள்ளி எடுக்கும் படங்களையும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிட மாட்டோம்.

இத்துடன் ஒப்புதல் சீட்டு உள்ளது. பிள்ளை மேடையில் பேச விரும்புகிறதா, படம் எடுக்கலாமா என்ற இரண்டுக்கும் பிள்ளையையும் கேட்டுவிட்டு எழுதி, ஜூலை 8-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். கையெழுத்து போட இயலாதவர்கள் மாலை பள்ளி விட்டதும் நேரில் வந்து சொன்னால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்