பாத்திமாவுக்கு, தங்கச்சிமடத்திலிருந்து

தங்கச்சிமடம்
12.10.2025

அன்புள்ள பாத்திமா,

பெருநாளுக்கு நீ அனுப்பிய சேலை வந்து சேர்ந்ததைக்கூட நான் சொல்லவில்லை. ஆறு மாசம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான், திட்டிக்கொள். சேலையை மாதா திருநாளுக்குக் கட்டினேன், எல்லோரும் கேட்டார்கள்.

இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி, ஆனாலும் கடலுக்குப் போக டோக்கன் போட்ட அன்றைக்கு வீட்டில் நிற்க மாட்டேன் என்கிறார். மல்லிகை நாற்று இந்த வருஷம் நன்றாகப் போகிறது. மேரி டீச்சரைக் கோயிலில் பார்த்தேன். என்னை விசாரிப்பதற்கு முன்னால், "அந்த நண்டுக்காரி எங்கடி இருக்கா?" என்று உன்னைத்தான் கேட்டார்கள். மண்ணடியில் பேரன் பேத்தி எடுக்கப் போகிறாள் என்றேன். சிரித்துச் சிரித்து டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நம் ரோஸிக்கு விமானத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஊர் முழுக்க ஏர் ஹோஸ்டஸ் என்கிறது, அவள் கேபின் க்ரூ என்று திருத்திக்கொண்டே இருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து கிளம்புகிறாள். சென்னையிலிருந்து ஹைதராபாத், அங்கே பயிற்சி. நம் தெருவிலிருந்து கப்பலுக்குப் போனவர்கள் உண்டு, வளைகுடாவுக்குப் போனவர்கள் உண்டு. விமானத்திலேயே வேலைக்குப் போகிற முதல் பிள்ளை இவள்தான். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். கடிதம் வந்த அன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நான்தான் ஓடி ஓடி இனிப்புக் கொடுத்தேன்.

அன்று ராத்திரிதான் எனக்குத் தூக்கம் போனது. ஏன் என்று உனக்குத் தெரியும். 1999 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நீ மறந்திருக்க மாட்டாய். நோன்பு மாசம். நீயும் உம்மாவும் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தீர்கள், நான் குடில் ஜோடித்துக்கொண்டிருந்தேன். சுபான் அண்ணன் கடை ரேடியோவில்தான் முதலில் கேட்டோம், காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்திவிட்டார்கள் என்று. அப்புறம் எட்டு நாள் நாம் அதையேதான் பேசினோம்.

இப்போது மகள் அந்த வேலைக்கே போகிறாள் என்றதும் அந்த எட்டு நாளும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ரோஸியிடம் கேட்டு, அவள் போனில் எடுத்துக் காட்டியதை எல்லாம் படித்து, அன்று நாம் அரைகுறையாகக் கேட்டதை இப்போது முழுதாகத் தெரிந்துகொண்டேன். ஐந்து பேர் முகமூடி போட்டு எழுந்திருக்கிறார்கள். எரிபொருள் போதாமல் அமிர்தசரஸில் இறங்கி முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறது. நம் மண்ணிலேயே நின்றதடி அது! யார் முடிவெடுப்பது என்று டெல்லியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, எரிபொருள் வண்டி வந்து சேராமலே, விமானியை மிரட்டிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். லாகூரில் இறங்க விடாமல் ஓடுபாதை விளக்கை அணைத்திருக்கிறார்கள். எரிபொருள் தீரப்போகிற விமானம், இருட்டில். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது கையில் இருந்த வலையை அப்படியே வைத்துவிட்டார். "பாம்பன் லைட்ஹவுஸை அணைச்சுட்டு, காத்துல வர்ற போட்டை உள்ள வராதேன்னு சொன்ன மாதிரில்ல இருக்கு" என்றார். கடைசியில் வேறு வழி இல்லாமல் இறங்க விட்டு, எரிபொருள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து துபாய் பக்கம், அப்புறம் ஆப்கானிஸ்தானில் காந்தகார். துபாயில் 27 பேரை விட்டார்கள். அவர்களோடு ஓர் உடலையும் இறக்கினார்கள். 25 வயதுப் பையன், தேனிலவு முடிந்து திரும்பி வந்தவன். கத்தியால் குத்தியிருக்கிறார்கள். அவன் மனைவி அதே விமானத்தில், அவன் இல்லை என்பதே தெரியாமல் காந்தகார்வரை போய், கடைசி நாள்வரை உட்கார்ந்திருந்தாள். அதைப் படித்தபிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோஸி என் பயத்தைக் கேலி பண்ணவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். 2001-ல் அமெரிக்காவில் நான்கு விமானங்களைக் கடத்தி மோதியதற்கு அப்புறம் விமானி அறைக் கதவே மாறிவிட்டதாம். குண்டு துளைக்காத கதவு, உள்ளே இருப்பவர்கள் திறந்தால்தான் திறக்கும். 2016-ல் நம் நாட்டிலும் கடத்தல் சட்டத்தைப் புதிதாகப் போட்டு, உயிர் போனால் தூக்குத் தண்டனைவரை வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் பாத்திமா, கதவைப் பூட்டினால் விமானி உள்ளே. என் பிள்ளை வெளியே, பயணிகளோடு. இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது அவள் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடலில் இறங்கினால் என்ன செய்வது என்பதற்கும் நீச்சல் குளத்தில் வைத்துப் பயிற்சி கொடுப்பார்களாம். லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதவே கூடாதாம். ஏன் என்று அவர் கேட்டார். 1996 நவம்பரில் ஓர் எத்தியோப்பிய விமானத்தை மூன்று பேர் கடத்தி, ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டு என்றிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் கிடையாது என்று விமானி சொன்னதை அவர்கள் நம்பவே இல்லை. கொமொரோ தீவுக் கரை பக்கம் கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் போய்விட்டார்கள். பல பேர் பதற்றத்தில் உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்டார்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், "தண்ணி ஏற ஏற அது ஆளை மேல தூக்கிக் கூரையில ஒட்ட வெச்சிரும். வாசல் கீழ இருக்கும். எப்படி முங்கி வெளியே வருவான்?" என்றார். கவிழ்ந்த வல்லத்துக்கு அடியில் மாட்டியவர் இல்லையா, அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரையில் இருந்தவர்கள் படகெடுத்துப் போய்த் தூக்கினார்களாம். "கரையில இருக்கிறவன் அதுதானே செய்வான்" என்றார்.

அப்பனுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை வந்தது கராச்சி விஷயத்தில்தான். 1986 செப்டம்பர் 5, பம்பாயிலிருந்து கராச்சி வழியாக நியூயார்க் போகிற பான் ஆம் விமானம். விமான நிலையக் காவலர் உடுப்பில் நான்கு பேர் ஏறினார்கள். ஏறியதும் பணிப்பெண்கள் விமானி அறைக்குத் தகவல் கொடுக்க, விமானிகள் மேலே இருந்த வழியாக இறங்கித் தப்பிவிட்டார்கள். இவருக்கு வந்ததே கோபம். "டிரைவர் போட்டை விட்டுட்டு எப்படிடி குதிப்பான்? உள்ள அத்தனை சனம் இருக்கையில?" என்று வாசலில் நின்று கத்துகிறார். ரோஸியும் விடவில்லை. "ஓட்ட ஆள் இல்லாததாலதாம்ப்பா அந்த விமானம் தரையிலேயே நின்னுச்சு. அவங்க இருந்திருந்தா எங்கேயாவது கொண்டுபோயிருப்பாங்க" என்றாள். விமானிகள் செய்தது சரியான முறைதான், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்கிறாள். இவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு மகள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் அவர் ஏன் கத்தினார் என்பதும் தெரியும். இருபத்தைந்து வருஷமாக அவர் போட்டில் ஏறிய ஒரு பையனையும் விட்டுவிட்டு அவர் கரைக்கு வந்ததில்லை.

அந்த விமானத்தில் மிச்சம் இருந்த பணியாளர்களுக்குப் பொறுப்பானவள் நீர்ஜா பனோத். 22 வயது. இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் 23. கிட்டத்தட்ட 380 பேர், 17 மணி நேரம். அமெரிக்கர்கள் யார் என்று பார்க்கப் பாஸ்போர்ட்டைச் சேகரிக்கச் சொன்னபோது, அவளும் கூட இருந்த பெண்களும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். ராத்திரி மின்சாரம் தீர்ந்து விளக்கு அணையவும் அவர்கள் சுட ஆரம்பித்தார்கள். இவள் கதவைத் திறந்து மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டாள். முதலில் இவளே இறங்கியிருக்கலாம். குழந்தைகளைக் காப்பாற்றப் போய்க் குண்டு பட்டுச் செத்தாள். இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள், முன்னூறுக்கும் மேல் பிழைத்தார்கள். அசோக சக்கரம் கொடுத்தார்கள். ரோஸி அவள் படத்தைத்தான் போனில் வைத்திருக்கிறாள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் அவள் அம்மா ஞாபகம்தான் வருகிறது.

இனி நான் சொல்லப்போவதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். 1999-ல் நாம் இருவரும் எவ்வளவு கோபமாகப் பேசினோம்! டெல்லியில் பயணிகளின் சொந்தக்காரர்கள் கூடி அழுது, எதைக் கொடுத்தாவது எங்கள் ஆட்களை மீட்டுக் கொடுங்கள் என்று கத்தியபோது, "இவங்களுக்கு நாடு முக்கியம் இல்லையா?" என்று நான் கேட்டேன். நீயும் ஆமாம் என்றாய். நமக்கு இருபது வயது. முதலில் நம் சிறைகளில் இருந்த 36 பேரையும் 20 கோடி டாலரையும் கேட்டவர்கள் கடைசியில் மூன்று பேருக்கு இறங்கி வந்தார்கள். அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் அந்த மூன்று பேர் போன விமானத்திலேயே காந்தகார் போனார். டிசம்பர் 31-ந்தேதி எல்லோரும் திரும்பி வந்ததைப் பார்த்து நாம் சந்தோஷப்படக்கூட இல்லை.

2014-ல் நம் ராமேஸ்வரம் தீவு மீனவப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு, போதைப்பொருள் கடத்தினார்கள் என்று சொல்லிக் கொழும்பில் தூக்கு என்று தீர்ப்பு வந்த அன்று நீ சென்னையில் இருந்தாய், நான் இங்கே ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபோது, எதைக் கொடுத்தாவது மீட்டுக் கொடுங்கள் என்றுதான் நானும் கத்தினேன். மூன்று வாரத்தில் மன்னிப்புக் கிடைத்து அவர்கள் வீடு திரும்பினார்கள். டெல்லியில் அழுதவர்களை நான் பேசிய பேச்சு அப்போதுதான் என் தொண்டையில் குத்தியது.

அப்படியென்றால் அந்த மூன்று பேரை விட்டது சரி என்று ஆகிவிடுமா? அதுவும் முடியவில்லையடி. அவர்களில் ஒருவன் மசூத் அசார். வெளியே போனவுடன் ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கினான். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 சிஆர்பிஎஃப் வீரர்களைக் கொன்றது நாங்கள்தான் என்று சொன்னது அந்த அமைப்பு. செத்தவர்களில் ஒரு பையன் தூத்துக்குடி மாவட்டம், இன்னொருவர் அரியலூர். அந்த வீட்டு அம்மாக்களிடம் போய், அன்று விமானத்தில் இருந்தவர்களை மீட்க வேறு வழி இல்லை என்று யார் சொல்வது? விமானத்தில் இருந்தது என் ரோஸி என்றால் நான் விடச்சொல்லித்தான் கெஞ்சுவேன். இது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இன்னொருத்தி தன் பிள்ளையை அதற்கு விலையாகக் கொடுப்பாள் என்பதும் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறேன்.

உன் ரியாஸைப் பெயரைப் பார்த்தே ஒரு விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்ததை நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நானும் அன்று ஒன்றும் கேட்கவில்லை, இப்போது வருத்தமாக இருக்கிறது. எவனோ துப்பாக்கி எடுத்ததற்கு நம் பிள்ளை ஏன் தலைகுனிந்து உட்கார வேண்டும்? ரோஸியிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். "உன் விமானத்தில் ஏறுகிறவர்களை ரியாஸ் அண்ணன் ஏறுகிற மாதிரி நினைத்துப் பார்" என்றேன். "தெரியும்மா" என்றாள்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், கரையில் நிற்பது எனக்குப் பழக்கம். ஆனால் இந்தக் கரையில் விடியற்காலையில் போய் நின்றால் போட்டு வருவது கண்ணுக்குத் தெரியும். அவள் விமானம் எங்கே வரும் என்று நான் எங்கே போய் நிற்பது, சொல்லு.

ஞாயிறு ராத்திரி சேது எக்ஸ்பிரஸில் வருகிறாள். திங்கள் காலை நீயோ ரியாஸோ போய்க் கூட்டிக்கொள்ளுங்கள். பகல் முழுக்க உன் வீட்டில் இருக்கட்டும், சாயங்காலம்தான் விமானம். முதல் தடவை விமானம் ஏறுவதே அன்றைக்குத்தான் என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள், உன்னிடம் சொல்லிவிட்டேன். நெத்திலிக் கருவாடும் உனக்கு இரண்டு மல்லிகை நாற்றும் கொடுத்தனுப்புகிறேன். மாடியில் வெயில் படுகிற இடத்தில் வை, தண்ணீர் தேங்கவிடாதே. தொழுகையில் அவள் பெயரையும் சேர்த்துக்கொள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டாள் என்றதும் எனக்கு ஒரு போன் போடு. அவர் அன்று கடலுக்குப் போகவில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

உன்
ஜெசி