கொடிக்கு ஒரு கொம்பு வேண்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே?

நீ புதிதாக வாங்கிய மான்ஸ்டெரா செடியின் இலை மஞ்சளாகிறது என்று அனுப்பிய படங்களைத் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். போனில் சொன்னால் பாதியைக் கேட்பாய், மீதிக்கு "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி இதைப் படம்பிடித்து அனுப்புவான். நிதானமாகப் படி.

விலையைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. "அந்தக் காசுக்கு ஒரு வரிசை தென்னம்பிள்ளை வச்சிருக்கலாம். பூக்காது, காய்க்காது, இலை வேற கிழிஞ்சு கிடக்கு, இதை எதுக்கு வாங்குனா?" என்கிறாள். எனக்கு அந்தக் குறை இல்லை. எட்டாவது மாடியில் குடியிருக்கிறவள் வீட்டுக்குள் கொஞ்சம் பச்சையைக் கொண்டுவந்து வைத்தால் அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. பூக்காது, காய்க்காது என்பதும் சரியில்லை. மெக்சிகோவின் தெற்கிலிருந்து பனாமா வரைக்கும் உள்ள அதன் சொந்தக் காட்டில் இந்த மான்ஸ்டெரா பூத்து, மக்காச்சோளக் கதிர் அளவுக்குக் காய் விடுமாம். பழுக்க ஒரு வருஷம் பிடிக்கும். நன்றாகப் பழுத்தபின் தின்னலாம், அன்னாசியும் வாழைப்பழமும் கலந்த ருசி என்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் காய்ப்பது அபூர்வம்தான். அதை மட்டும் அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விற்றவர் உன்னிடம் என்ன சொன்னாரோ, நீ வாங்கியிருப்பது ஒரு கொடி. நம் கொடிக்காலில் அகத்தி நிழலில் நின்று அகத்தியையே பிடித்து ஏறுகிற வெற்றிலைக்கு என்னென்ன வேண்டுமோ, பெரும்பாலும் அதுவேதான் இதற்கும் வேண்டும். குடும்பம் வேறு: வெற்றிலை மிளகோடு சேர்ந்தது, உன் கொடி சேம்போடு சேர்ந்தது. ஆனால் குணம் ஒன்று. ஆத்தூரில் கொடிக்கால் வரப்பில் நடை பழகியவளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இலை மஞ்சளாவதைக் கேட்டிருந்தாய். அடியில் ஓர் இலை எப்போதாவது பழுத்தால் அது வயசு, விட்டுவிடு. உன் படத்தில் மூன்று நாலு இலை ஒன்றாகப் பழுத்திருக்கிறது, தண்டின் அடியும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அப்படியானால் கோளாறு வேரில். அந்த வெள்ளைப் பீங்கான் தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார். இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அழகுக்குச் செய்கிற தொட்டிகளில் பாதி அப்படித்தான் வருகின்றன. நீ தினமும் ஒரு டம்ளர் ஊற்றுகிறாய், அது இறங்கி அடியில் குளம் கட்டி நிற்கிறது. மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து மறுநாளும் ஊற்றுகிறாய்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம். தாமிரபரணி கரை தாண்டி வந்து கொடிக்கால்களில் நின்றது. தண்ணீர் வடிந்த அன்று நம் கொடி பச்சையாகத்தான் இருந்தது. தப்பித்துவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். நான் ஒரு மூட்டில் மண்ணை விலக்கிப் பார்த்தேன். வெள்ளையாக, ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டிய வேர், விரலில் பிடித்து இழுத்ததும் தோல் தனியாக உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். ஒரு நாற்றம் வேறு. அப்புறம்தான் ஒவ்வொரு கொடியாகத் தலை தொங்கியது. தண்ணீர் நின்றால் மண்ணில் காற்று போய்விடும். வேர் மூச்சுமுட்டிச் சாகும், செத்த வேரில் பூஞ்சணம் ஏறும். மேலே இலைக்கு அந்தச் சேதி போய்ச்சேர நாளாகும். வேர் இல்லாத கொடி தண்ணீர் குடிக்க முடியாமல் வாடும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், கதை முடிந்துவிடும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டு செடியைத் தொட்டியோடு சாய்த்து மெதுவாக வெளியே எடு. மண்ணை உதறி வேரைக் கழுவு. பழுப்பாக, கொழகொழவென்று இருப்பதையெல்லாம் கத்தரித்துவிடு, தயங்காதே. வெள்ளையாக உறுதியாக இருப்பது போதும், அது பிழைத்துக்கொள்ளும். கத்தரியை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொள். அப்புறம் அடியில் ஓட்டை உள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் நடு. மிச்சமிருக்கும் வேருக்குத் தக்க அளவில் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும். அந்தப் பீங்கானை விட மனசு வரவில்லை என்றால் பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி வை. தண்ணீர் ஊற்றிய அரைமணி நேரத்தில் வெளியே எடுத்து அடியில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் மட்டையை நறுக்கிய துண்டு ஒரு பங்கு, ஒரு கை அடுப்புக்கரி. பையில் விற்கும் தூள் தென்னைநார்க் கழிவை மட்டும் போட்டு நிரப்பாதே, அது ஈரத்தை விடாது. ஆற்று மணல் கேட்டு அலையவும் வேண்டாம், தாமிரபரணிக்கே அது அரிதாகிவிட்டது. பெர்லைட் என்று வெள்ளையாக ஒன்று விற்கிறார்களாம், கிடைத்தால் கொஞ்சம் சேர்த்துக்கொள்.

தண்ணீருக்குக் கிழமை கிடையாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார். விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் விட்டுவிடு. உதிரியாக இருந்தால் அடி ஓட்டை வழியாக வடியும்வரை நிறைய ஊற்று, மறுபடி காயும்வரை தொடாதே. கார்த்திகை, மார்கழியில் இன்னும் குறைவாகக் கேட்கும். காலையில் இலை நுனியில் சொட்டுச் சொட்டாக நீர் நின்றால் பயப்படாதே. மண் ஈரமாக இருக்கும் இரவுகளில் அது தானே கசியவிடும்.

உங்கள் போர் தண்ணீரைத்தான் நான் நம்பவில்லை. அங்கே வந்தபோது பக்கெட்டில் வெள்ளை படிந்திருந்ததைப் பார்த்தேன். அதே உப்பு தொட்டி மண்ணிலும் சேரும், இலை ஓரம் கருகும். ஆர்ஓ மெஷின் கழிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அதில் உப்பு இன்னும் அதிகம், வீடு துடைக்க வைத்துக்கொள். மழை பெய்தால் பால்கனியில் வாளி வை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இராது, அதையும் பிடித்து ஊற்றலாம். ஆனால் ஏசிக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் செடியை வைக்காதே. புட்டியில் தண்ணீர் நிரப்பிக் காலையும் மாலையும் இலைக்குத் தெளிப்பதெல்லாம் தெளிக்கிறவர் மன ஆறுதலுக்குத்தான். அந்த நேரத்தில் ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் தூசியைத் துடை. மினுமினுப்புக்கு எண்ணெய் பூச வேண்டாம். துடைக்கும்போதே இலைக் காம்பு தண்டோடு சேருகிற இடுக்கில் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் அடி.

வெளிச்சம். கொடிக்காலில் அகத்தி அடைத்துக்கொண்டு வளர்ந்தால் கிளையைக் கழித்துவிடுவோம் இல்லையா? நிழல் என்றால் இருட்டு இல்லை. உன் செடி நிற்கிற சோபா மூலை இருட்டு. பகலில் இலைக்கு மேலே கையை நீட்டிப் பார், கையின் நிழல் மங்கலாகவாவது விழ வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனிக் கதவுக்கு உள்ளே இரண்டு மூன்று அடி தள்ளி வை. மேற்கு ஜன்னல் வேண்டாம், பிற்பகல் வெயிலில் இலை வெந்து காகிதமாகிவிடும்.

புது இலைகள் வெட்டே இல்லாமல் முழுசாக வருகின்றன என்று வருத்தப்பட்டாயே, அதற்குக் காரணம் பாதி இந்த வெளிச்சக் குறைவு, மீதி பிடித்து ஏறக் கொம்பு இல்லாதது. இளஞ்செடியின் இலை முழுசாகத்தான் இருக்கும். வயசாகி, வெளிச்சம் கிடைத்து, மேலே ஏற ஏறத்தான் இலை பெருத்து ஓட்டையும் வெட்டும் விழும். தம்பி ஏதோ தேடி வாசித்துக் காட்டினான்: 2013-ல் கிறிஸ்டோபர் மியூர் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். அடர்ந்த காட்டுக்குள் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். இலையில் ஓட்டை விட்டால் அதே அளவு இலைச்சதையை இன்னும் அகலமாக விரிக்கலாம், ஏதாவது ஒரு பொட்டு வெயில் அநேகமாகத் தப்பாமல் மேலே விழும் என்கிறார். இன்னொன்றும் வாசித்தான், அதுதான் எனக்குப் பிடித்தது. இதன் இனத்துக் கொடி ஒன்று, விதை முளைத்ததும் வெளிச்சத்தைப் பார்த்துப் போகாமல் இருட்டைப் பார்த்துத் தரையில் ஊர்ந்து போகுமாம். காட்டில் பக்கத்தில் தெரிகிற பெரிய இருட்டு என்றால் அது ஒரு மரத்தின் அடிமரம். அதைத் தொட்டபின்தான் நிமிர்ந்து வெளிச்சத்துக்கு ஏறும்.

நம் ஊரிலும் பார்த்திருப்பாயே, பாட்டிலில் விரலளவு இலையோடு கிடக்கிற மணி பிளான்ட், பெரிய மரத்தில் ஏறவிட்டால் தாம்பாளம் அகலத்துக்கு இலை விட்டு ஓரமெல்லாம் கிழிந்து தொங்கும். அதுவும் இதே சேம்புக் குடும்பம்தான்.

உன் செடி பக்கவாட்டில் சாய்ந்து பட்டாசல் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது என்றாய். பிடிக்க ஒன்றும் இல்லாமல் தேடுகிறது, வேறொன்றும் இல்லை. தண்டிலிருந்து பழுப்பாக விரல் தடிமனில் தொங்குகிறதே, அசிங்கமாக இருக்கிறது வெட்டலாமா என்று கேட்டாயே, அதை வெட்டாதே ஏட்டி. வெற்றிலை கணுவுக்குக் கணு வேர் விட்டு அகத்திப் பட்டையைப் பிடிக்கும், இதற்குப் பிடிக்க அந்த விழுதுதான். நீளமானதை வளைத்துத் தொட்டி மண்ணுக்குள் விடு, மேலே உள்ளதைக் கொம்போடு சேர்த்துவிடு. கட்டும்போது தண்டை மட்டும் தளர்வாகக் கட்டு, இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டிவிடாதே. காம்புக்குத் திரும்ப இடம் வேண்டும். சுருண்டு வரும் புது இலையைக் கையால் பிரிக்கவும் கூடாது.

பேரன் எதையும் வாயில் வைக்கிற வயசு. புளி விடாமல் கருணைக்கிழங்கு சமைத்தால் தொண்டை நமநமவென்று அரிக்குமே, அதே ஊசி ஊசியான ஆக்சலேட் உப்பு இந்த இலையிலும் தண்டிலும் இருக்கிறது. பச்சையாகக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். அவன் கைக்கு எட்டாதபடி வை. நீ வெட்டும்போதும் கையுறை போட்டுக்கொள், இல்லாவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு. ஒருவேளை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, கொப்பளிக்க வைத்து, டாக்டரிடம் கூட்டிப்போ.

பக்கத்து வீட்டம்மா ஓர் இலை கேட்டதாகச் சொன்னாய். வெறும் இலையைக் காம்போடு கொடுத்தால் தண்ணீரில் பச்சையாகக் கிடக்குமே தவிர செடியாகாது. ஒரு கணுவும், முடிந்தால் ஒரு விழுதும் சேர்ந்த துண்டாகக் கொடு. ஆனால் இப்போது வேண்டாம். வேர் தேறிப் புது இலை விடட்டும். அதுவரை உரமும் வைக்காதே.

கொம்பை நானே செய்துவிட்டேன், இன்னும் நீளம் மட்டும்தான் முடிவாகவில்லை. பிவிசி குழாயில் தென்னங்கயிறை நெருக்கமாகச் சுற்றியிருக்கிறேன். அவ்வப்போது நனைத்து வைத்தால் விழுது பிடித்துக்கொள்ளும். கடையில் பாசிக் கம்பம் என்று விற்பதற்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. அடுத்த வாரம் தம்பி செந்தூர் எக்ஸ்பிரஸில் வருகிறான். படுக்கைக்குக் கீழே வைத்துக் கொண்டுவர நாலரை அடிக்கு மேல் போனால் சிரமம் என்கிறான். இரண்டு துண்டாக வெட்டி நடுவில் ஒரு கப்ளிங் வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். தொட்டி மண்ணிலிருந்து உச்சி இலை வரை எவ்வளவு உயரம், தொட்டி எவ்வளவு ஆழம், இரண்டையும் டேப் வைத்து அளந்து நாளைக்குள் சொல். அம்மா உடன்குடிக் கருப்பட்டியும் இரண்டு கவுளி வெற்றிலையும் கட்டி வைத்திருக்கிறாள். வேறு என்ன வேண்டுமென்று அவளிடமே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
அப்பா