வேதவாசிப்பு அட்டவணை

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260, மொத்தம் 1189 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் பழையதில் 2, புதியதில் 1. சனி பழையதில் 3, ஞாயிறு 5. 52 வாரத்தில் முடிந்து, 7 அதிகார இடம் மிஞ்சும். 176 வசனமுள்ள 119-ம் சங்கீதத்தை இரண்டு நாளாகப் பிரிக்க அது உதவும்.

ஆறாம் வாரம் லேவியராகமம். பலருக்கும் வாசிப்பு நிற்பது இங்கேதான். சம்பவங்கள் குறைவு, பலிமுறைகளே அதிகம். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்! அந்தத் திங்களன்று லேவியராகமம் 1, 2-உடன் வருவது மத்தேயு 26, இயேசு சீஷர்களோடு உண்ட கடைசிப் பஸ்கா விருந்து. பலிபீடத்தின் இரத்தத்தையும் அந்த விருந்தில் ‘என் இரத்தம்’ என்று இயேசு கொடுத்த பாத்திரத்தையும் ஒரே நாளில் வாசிக்கக் கிடைப்பது பெரிய ஆசீர்வாதம்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் ஆறு அதிகாரம் ஓட்டாதீர்கள். அன்றைய பகுதியை முதலில் முடித்து, விட்டதைச் சனிக்கிழமை எடுங்கள். முடித்ததும் குழுவில் அதிகார எண் மட்டும் போடவும்.