ஒன்றுக்கும் உதவாத மூலைகளை விட்டுவையுங்கள்

சின்னக் குழந்தைகளுக்காக இணைய உலகங்களையும் விளையாட்டுகளையும் உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். திட்டுவதற்காக எழுதவில்லை. என் மகளுக்கு ஏழு வயது. நீங்கள் கட்டிக்கொடுத்த உலகங்களில் அவள் படும் சந்தோஷத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். எது அந்தச் சந்தோஷம் என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

போன வாரம், கட்டிகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிற மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஓர் ஆட்டுக்கு ஊதாச் சாயம் பூசினாள். ரோமத்தைக் கத்தரித்தாள். ஆடு புல்லை மேய்ந்ததும் மறுபடி ரோமம் வந்தது, அதுவும் ஊதாவாகவே. "உள்ளேயே ஊதாவாயிடுச்சுப்பா!" என்று ஒரே குதி. அப்புறம் மலையைக் குடைந்து அதற்கு ஓர் அறை, கதவு, கட்டில். ஆடு கட்டிலில் படுக்காது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த உலகத்தில் ஒரு முழு நாள் 20 நிமிடம். இரவு ஏறக்குறைய 7 நிமிடம். இருட்டியதும் கதவைச் சாத்திவிட்டு ஆட்டின் முன்னால் அசையாமல் நின்றாள். "என்னம்மா பண்றே?" என்றேன். "தூங்க வைக்கிறேன். இது என் குழந்தை. நீதான் தாத்தா, சத்தம் போடாதே."

ஏழு நிமிடம். புள்ளி ஏறவில்லை, நாணயம் விழவில்லை, எந்தக் கட்டத்தையும் அவள் தாண்டவில்லை. உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது வெறும் சும்மா இருந்த நேரமாகத்தான் பதிவாகியிருக்கும். நான் பார்த்தவரையில் அன்றைய விளையாட்டே அதுதான்.

இது உங்கள் தொழிலில் பழையவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2005-இல் தொடங்கிய கிளப் பெங்குவின் என்ற இணைய உலகத்தில் குழந்தைகள் பெங்குவின்களாக உலவினார்கள். அங்கே ஒரு பனிப்பாறை இருந்தது. அதன்மேல் செய்வதற்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஆடினால் அது கவிழும் என்று குழந்தைகளுக்குள் ஒரு பேச்சு. யாரோ கிளப்பிவிட்டது. அவ்வளவுதான், மஞ்சள் தொப்பி மாட்டிய பெங்குவின்கள் கூட்டங்கூட்டமாக வந்து வருஷக்கணக்கில் பாறையைத் துளை போட்டுக்கொண்டே இருந்தன. பாறை அசையவே இல்லை, கூட்டமும் குறையவில்லை. கடைசியில் 2017-இல், அந்த உலகத்தை மூடப்போகிற நேரத்தில், நிஜமாகவே கவிழ்த்துக் காட்டினார்கள். அதைச் செய்தவர் யாராக இருந்தாலும் குழந்தைகளைப் புரிந்தவர்.

சரி, இன்னொரு விளையாட்டைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். திறந்ததும் ஒரு பரிசுப் பெட்டி. ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பெட்டி, ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து. மூலையில் குறைந்துகொண்டே வரும் கடிகாரம். அதில் என் மகள் கட்டியது எதுவும் எனக்கு நினைவில்லை. அவள் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது: "நாளைக்கு நாம ஊருக்குப் போனா என் பெட்டி போயிடுமாப்பா?" விளையாட்டைப் பற்றி ஒரு குழந்தை கேட்கிற கேள்வியா இது? வட்டி கட்ட வேண்டியவர் கேட்பது போல இருந்தது.

காசு விஷயத்தை நீட்டப்போவதில்லை. ஃபோர்ட்நைட் விளையாட்டில் ஒரே ஒரு பட்டன் தவறிப் பட்டாலே பணம் போகும்படி வைத்திருந்ததாகச் சொல்லி, வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர அதை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. உங்களில் எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், ஆட்டைத் தூங்கவைக்க இடமில்லாமல் திரை முழுக்கப் பெட்டிகளாக அடைத்துவைப்பது.

பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் வீடு கட்டியிருப்பார்கள். ஓடிவரும் பிள்ளையிடம், மிதித்துவிடாதே என்று கெஞ்சுவார்கள். மணல் வீட்டுக்கு என்ன விலை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 2013-இல் டூன்டவுன் என்ற குழந்தைகளின் இணைய உலகத்தை மூடினார்கள், 2017-இல் கிளப் பெங்குவினை. உள்ளே இருந்த வீடுகளும் வளர்ப்புப் பிராணிகளும் அதோடு போயின. சர்வருக்குச் செலவாகிறது, மூட வேண்டியிருக்கிறது, புரிகிறது. ஆனால் மூடுவதற்கு முன்னால், குழந்தை தன் வீட்டைப் படமாகவாவது எடுத்துக்கொண்டு வெளியே வர ஒரு வழி வைக்கலாமே. தினப் பரிசு தர ஒரு பட்டன் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையா?

அடுத்த உலகத்தை வரையும்போது எதற்கும் உதவாத ஒரு குகையோ பாறையோ நான்கைந்து இடங்களில் போட்டுவையுங்கள். அங்கே யாரும் எதுவும் வாங்குவதில்லையே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். அவரை ஓர் ஏழு நிமிடம் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். சத்தம் போடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஊதா ஆட்டின் தாத்தா