ஓட்டோ ஃபிராய்ண்ட்லிக்கை அந்த அட்டைப்படத்திலேயே விட்டுவிடாதீர்கள்

நவீனக் கலை வரலாற்று நூல்களைத் தொகுக்கும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம்.

நவீனக் கலையை இழிவுபடுத்த 1937-இல் மியூனிக்கில் நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, அதன் கையேட்டு அட்டையைப் படமாகப் போடுகிறீர்கள். அதிலிருக்கும் தலை, ஜெர்மன் சிற்பி ஓட்டோ ஃபிராய்ண்ட்லிக் 1912-இல் பிளாஸ்டரில் செய்த 'பெரிய தலை'. நான் படித்த சில நூல்களில் படத்தின் கீழ் அவர் பெயர்கூட இல்லை.

அந்தப் படமே ஓர் அவதூறு. சிற்பம் கோரமாகத் தெரியவேண்டும் என்றே கீழிருந்து எடுத்தது. ஹாம்பர்க் அருங்காட்சியகத்திலிருந்து சிற்பத்தைப் பறித்தார்கள். ஊர் ஊராகக் காட்டினார்கள். வழியில் எங்கோ அசலை எடுத்துவிட்டு மொண்ணையான நகல் ஒன்றை அதன் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பழைய புகைப்படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அசல் இன்றுவரை கிடைக்கவில்லை. படைப்பைப் பறித்ததும் போதாமல், அவர் செய்யாத ஒன்றை அவர் தலையில் கட்டி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். நினைக்கவே நெஞ்சு கொதிக்கிறது.

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும், அவரை நாம் அவர்கள் காட்டிய கோணத்தில்தானே பார்க்கிறோம்?

1878-இல் அன்றைய ஜெர்மனியின் பொமரேனியா பகுதியிலிருந்த ஸ்டோல்ப் நகரில் பிறந்த யூத வம்சாவளியினர் அவர். 1908-இல் பாரிஸ் சென்று, அங்கே மோன்மார்த்ர் பகுதியில் ஓவியர் பிக்காசோவின் அண்டை வீட்டுக்காரராக வாழ்ந்தார். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1919-இல் அவர் செய்த 'மனிதனின் பிறப்பு' என்ற மொசைக் (சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்யும் சித்திரம்) போரில் தப்பி இன்றும் இருக்கிறது. 1929-இன் 'ஏற்றம்' சிற்பத்தில் கனத்த திரள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மேலெழுகின்றன. அவ்வளவு எடையும் எழும்பத் துடிக்கிறது. நாடுகளைக் கடந்து சிற்பங்களால் இணையும் மானுட சகோதரத்துவப் பாதை ஒன்றை அமைக்கவும் அவர் கனவு கண்டார். ஜெர்மனியின் சாங்க்ட் வெண்டல் பகுதியில் லியோ கோர்ன்புரூஸ்ட் என்ற சிற்பி தொடங்கிய சிற்பச் சாலை அந்தக் கனவின் தொடர்ச்சிதான்.

பிரான்சின் பைரனீஸ் மலைக் கிராமத்தில் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த ஃபிராய்ண்ட்லிக் 1943-இல் பிடிபட்டார். அதே ஆண்டு மார்ச்சில் போலந்துக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்.

2010-இல் பெர்லின் நகரமன்றத்தின் எதிரே மெட்ரோ ரயில் பாதைக்காகத் தோண்டியபோது, நாஜிகள் பறித்த சிற்பங்கள் சில மண்ணிலிருந்து கிடைத்தன. அவற்றில் ஃபிராய்ண்ட்லிக்கின் சுடுமண் தலை ஒன்றின் துண்டுகளும் இருந்தன.

அட்டைப்படத்தை நீக்கச் சொல்லவில்லை. அந்தக் கொடுமைக்கு அது சாட்சி. ஆனால் அதன் கீழ் சிற்பியின் பெயரையும், அவர் எப்படி இறந்தார் என்பதையும் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் 'ஏற்றம்' சிற்பத்தை முழுப் பக்க அளவில் அச்சிடுங்கள்.

அன்புடன்,
சிற்பக் கலை வாசகர் ஒருவர்