கையால் சுழன்ற ராட்டினம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் திருவிழா ராட்டினங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்காக ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பொறியாளர் எழுப்பிய, ஏறத்தாழ 80 மீட்டர் உயரமுள்ள ராட்டினத்தில் தொடங்கி, இன்றைய பொழுதுபோக்குப் பூங்காக்கள் வரை கட்டுரையாளர் வரிசையாகச் சொல்லியிருந்தார். 36 பெட்டிகளும், பெட்டிக்கு 60 பேர் ஏறும் இடமும், நீராவி எந்திரமும் கொண்டிருந்த அந்த ராட்டினம் 1906-இல் தகர்க்கப்பட்டதை வருத்தத்தோடு எழுதியிருந்தார். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ராட்டினத்தின் கதையே சிகாகோவில்தான் தொடங்குகிறது என்பதாகவும், நம் ஊர்த் திருவிழாக்களில் இருந்த மர ராட்டினங்கள் அதைப் பார்த்துச் செய்த எளிய நகல்கள் என்பதாகவும் இடையில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1615-இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில், ரமலான் கால விழாவொன்றில் பெரிய சக்கரம் ஒன்றில் ஏறிச் சுற்றிய அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி, இன்றைய பல்கேரியாவில் உள்ள பிலிப்போபோலிஸ் நகரில் 1620-இல் இத்தகைய சக்கரங்களைக் கண்டு குறித்திருக்கிறார். சிகாகோவுக்கு 270 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கள் கைப்பலத்தால் சுழற்றிய சக்கரங்கள் அவை. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவில் நான் சிறுவனாக ஏறிய ராட்டினம் அந்த வம்சத்தைச் சேர்ந்தது. பெர்ரிஸின் சக்கரத்துக்கு மூத்த உறவேயன்றி, அதன் நகல் அன்று.

இதை நான் உறுதியோடு எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தகப்பனார் ஓடாவி வேலை, அதாவது படகுத் தச்சு வேலை, செய்தவர். கீழக்கரையிலிருந்து வாலிநோக்கம் வரை வத்தை எனும் மரப்படகுகளுக்குப் பலகை மாற்றுவதும், வங்கு எனும் உட்சட்டம் வைப்பதும் அவர் தொழில். சந்தனக்கூடு நெருங்கும் நாட்களில் ராட்டினக்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். ராட்டினத்தின் இரும்பு அச்சு உட்கார்ந்து சுழலும் கட்டைகள் ஆண்டுதோறும் தேய்ந்துவிடும். அவற்றை மாற்றித்தர எங்கள் வட்டாரத்தில் அவர் நம்பியது ஒரு படகுத் தச்சரைத்தான். வைரம் பாய்ந்த கருவேலங்கட்டையைக் குடைந்து, அச்சை வைத்துச் சுழற்றிப் பார்த்து, மறுபடி எடுத்துச் செதுக்கி, கை வைத்தால் உராய்வு தெரியாத நிலை வந்த பிறகே என் தகப்பனார் வண்டி மையைத் தடவுவார். அதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. விழா முடியும்வரை அவர் பிள்ளைகளான நாங்கள் காசு கொடுக்காமல் ராட்டினம் ஏறலாம் என்பதுதான் கணக்கு. மற்றவர்களுக்குப் பத்துப் பைசாவுக்குப் பத்துச் சுற்று.

கடற்பக்கத்து மணலில் ஆழமாகக் குழி தோண்டி இரண்டு கால்மரங்களை நடுவார்கள். மணலில் வெறுமனே நட்ட மரம் நிற்காது என்பதால், நாற்புறமும் வடம் இழுத்து, வத்தைக்கு நங்கூரம் போடுவது போலவே கற்களைக் கட்டி மணலுக்குள் புதைப்பார்கள். குறுக்குச் சட்டங்களின் முனைகளில் தொங்கிய பெட்டிகள் நான்குதாம். எந்திரம் எதுவும் இல்லாததால், எதிரெதிர்ப் பெட்டிகளின் பாரம் ஒத்திருந்தாலொழிய அதை ஓர் ஆள் சுழற்ற முடியாது. ஆகவே வரிசையில் நிற்பவர்களை ராட்டினக்காரர் ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பார். தராசு இல்லாமலே எடை அவருக்குத் தெரிந்துவிடும். பருத்த பெரியவர் ஒருவர் ஏறினால், எதிர்ப்பெட்டிக்கு மூன்று சிறுவர்களைக் கை காட்டுவார். ஏற்றுவதிலும் இறக்குவதிலும் முறை உண்டு. கீழே ஒரு பெட்டி நிரம்பியதும் சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பி அதன் எதிர்ப்பெட்டியை நிரப்புவார். அதன் பிறகே பக்கத்துப் பெட்டிகள். இறக்கும்போதும் அதே வரிசைதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு நெம்புகோல் தத்துவம் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அங்கே விளங்கிவிட்டது.

அந்த முறை தவறினால் என்ன ஆகும் என்பதை 1968-ஆம் ஆண்டு விழாவில் கண்ணால் கண்டேன். அவ்வாண்டு சந்தனக்கூடு மாசி மாதத்தில் வந்தது. நானும் என் அக்காவும் இன்னும் இரு பிள்ளைகளும் உச்சிப் பெட்டியில் இருந்தோம். கீழ்ப்பெட்டியில் இருந்த இளைஞர்கள் சைகைக்குக் காத்திராமல் ஒருசேரக் குதித்துவிட்டார்கள். மேலே பாரம், கீழே வெற்றுப் பெட்டி. சக்கரம் தானாகவே சாய்ந்து எங்களைக் கீழ்நோக்கிக் கொண்டுவரத் தொடங்கியது. ராட்டினக்காரர் வெற்றுப் பெட்டியை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தன் முழு எடையையும் அதில் தொங்கவிட்டார். அருகில் நின்ற என் தகப்பனார் ஓடிவந்து சட்டத்தைப் பிடித்தார். சக்கரம் நின்றது. பிறகு இறங்கிப் பார்த்தபோது, மணலில் ராட்டினக்காரரின் இரண்டு குதிகால்களும் உழுத கோடுகள் ஒரு முழ நீளத்துக்குக் கிடந்தன. அவர் அந்த இளைஞர்களைத் திட்டவில்லை. “சொன்ன பெறகு எறங்குங்கப்பா, மேல பிள்ளைக இருக்குல்ல” என்று மட்டும் மூச்சு வாங்கச் சொன்னார். என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் மறுநாள் மாலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

அப்படி மறுபடி மறுபடி ஏறச் செய்தது உச்சியில் கிடைத்த காட்சி. தரையில் நிற்கும் சிறுவனின் கண்ணுக்குக் கடல் ஏறத்தாழ 4 கிலோமீட்டரில் முடிந்துவிடும். கண் இருபது அடி உயரத்துக்குப் போனால் தொடுவானம் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு விலகிப்போகிறது. இந்தக் கணக்கெல்லாம் பின்னாளில் கற்றுக்கொண்டது. அன்று கண்டது, தரையிலிருந்து பார்க்கையில் வெறும் நீராக இருந்த இடத்தில், உச்சிக்குப் போனதும் தீவின் பச்சைக் கோடு ஒன்று எழுந்து, பெட்டி இறங்க இறங்க மறுபடி நீருக்குள் அமிழ்ந்துபோன அதிசயம்தான். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன என்று பின்னர் வகுப்பில் ஆசிரியர் சொன்னபோது, அவற்றில் ஒன்றைப் பத்துப் பைசா கூடக் கொடுக்காமல் பலமுறை பார்த்தவன் என்ற பெருமிதம் எனக்கு இருந்தது.

பிறை பார்த்து வரும் விழா ஆண்டுக்குப் பதினோரு நாள் அளவுக்கு முன்னே நகர்ந்துகொண்டே வரும். எண்பதுகளில் அது, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களுக்குள் வந்து சேர்ந்தது. மணலை வாரியடிக்கும் அந்தக் காற்றில் கால்மரங்கள் நிலைகொள்ளவில்லை. பெட்டிகள் பக்கவாட்டில் ஆடின. அதே ஆண்டுகளில்தான் டீசல் என்ஜின் பூட்டிய இரும்பு ராட்டினம் லாரியில் வந்து இறங்கியது. அதில் யார் எங்கே உட்கார்ந்தாலும் என்ஜின் சுழற்றிவிடும். இரண்டு விழாக்களுக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூன்றாவது விழாவுக்கு மர ராட்டினம் வரவில்லை. சட்டங்கள் வீட்டுக் கூரைக்குப் போயின என்று கேள்விப்பட்டோம். அதைப் பற்றி என் தகப்பனார் ஒருநாளும் பேசவில்லை.

மர ராட்டினத்தை மறுபடி விழாவில் நட்டு மக்களை ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இன்றைய முறைகளே நல்லவை என்பதை, உச்சிப் பெட்டியில் அன்று அமர்ந்திருந்தவன் என்ற முறையில் முழு மனதோடு சொல்கிறேன். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியையும் ஆட்கள்தாம் கையால் இயக்கித் திறந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றுபோனாலும், அதன் படங்களும் வரைபடங்களும் அளவுகளும் ஏராளமாக இருக்கின்றன. கை ராட்டினத்துக்கு அப்படி ஒரு வரைபடமாவது இருக்கிறதா என்று பல ஆண்டுகளாகத் தேடி வருகிறேன். இதுவரை ஒன்றும் என் கைக்குக் கிடைக்கவில்லை. அதன் பொருத்துகளை அறிந்த தச்சர்கள் எங்கள் கரையில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. அவர்களைக் கொண்டு முழு அளவில் ஒன்றைச் செய்து, இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனை வளாகத்திலோ வேறு பொது இடத்திலோ வைத்தால், நம் பேரப்பிள்ளைகள் ஏறாவிட்டாலும் தொட்டுப் பார்க்கலாம். தங்கள் வாசகர்கள் எவரிடமேனும் அக்காலத்து விழாப் படங்கள் இருந்தால், பின்னணியில் ராட்டினம் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, இருந்தால் தங்கள் இதழுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

என் தகப்பனார் கடைசியாகக் கழற்றிய அச்சுக் கட்டைகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு சாண் நீளம். நடுவே அச்சு தேய்த்த பிறை வடிவப் பள்ளம் இரண்டு விரல் ஆழம் இருக்கும். வண்டி மை ஊறிக் கறுத்து, சிப்பியின் உட்புறம் போல வழவழப்பாக இருக்கிறது. பள்ளத்தின் ஓரத்தில் அவர் உளியால் போட்ட அடையாளக் கோடு இன்னும் தெரிகிறது. அச்சின் பருமனை அதிலிருந்து அளந்துவிடலாம். ராட்டினம் செய்ய முன்வருபவர்கள் யாராக இருந்தாலும், தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால், நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஏர்வாடி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.